கிளாத்தியின் வாயைப் பார்த்து வாங்குங்கள்: பவளத் தொட்டியில் ட்ரிக்கர் மீன்

சீசன் நேரத்தில் குளச்சலிலோ முட்டத்திலோ விசைப்படகு மீன் இறக்குவதைப் பார்த்தவர்களுக்குக் கிளாத்தியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முழங்கை நீளம்கூட வராது. பக்கவாட்டில் தட்டையான, கறுத்த மீன். தோல் அவ்வளவு முரடு, கத்தி எளிதில் இறங்காது. பெட்டி பெட்டியாக வரும். களியக்காவிளை தாண்டி விழிஞ்ஞத்துக்குப் போனாலும் அதே மீன், அதே பெயர். தோலை உரித்துவிட்டுக் கறி வைப்பார்கள். மிஞ்சியது கருவாட்டுக்கும் மீன்தூளுக்கும் போகும். இதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள் என்று மார்த்தாண்டம் சந்தையில் போய்ச் சொன்னால், "மக்களே, இது தோலுரிச்சுக் கறி வைக்கதுக்கு உள்ளதாக்கும்" என்று மீன்கார அம்மா சிரிப்பார்.

அதே மீனின் குட்டி, அலங்காரக் கடல்மீன் கடையின் நீல விளக்குக்கு அடியில் 'நைஜர் ட்ரிக்கர்' என்ற பெயரில் நீந்திக்கொண்டிருக்கும். செத்ததும் கறுத்துவிடும் உடல், உயிரோடிருக்கையில் கருநீலமும் ஊதாவுமாக மின்னும். வாலின் இரு முனைகளும் நீண்டு பிறை வடிவில் இருக்கும். வளர்ந்த மீன் வாயைத் திறந்தால் பற்கள் செந்நிறம். அறிவியல் பெயர் ஓடோனஸ் நைஜர்.

கோமாளி மீனும் இரண்டு மென்பவளமும் வைத்து ஒரு வருடம் ஓட்டியவர்களுக்கு அடுத்த ஆசை பெரும்பாலும் இந்த மீனில்தான் வந்து நிற்கும். காரணம் உண்டு. ட்ரிக்கர் மீனுக்கு ஆளைத் தெரியும். நீங்கள் அறைக்குள் வந்ததும் கண்ணாடிக்கு வந்துவிடும். கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். ஒன்றால் உங்களையும் மற்றொன்றால் தீனி டப்பாவையும் பார்க்கும். ஆசைப்பட்டுக் கடையில் கேட்டால் வரும் பதில், "ரீஃப் சேஃப்தான், ஆனா கொஞ்சம் கவனமா இருக்கணும்." எதைக் கவனிப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'ரீஃப் சேஃப்', அதாவது பவளத் தொட்டிக்கு ஆபத்தில்லாதது, என்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பவளத்தைத் தின்னுமா என்பது ஒரு கேள்வி. பவளத்தோடு அதே தொட்டியில் வாழும் இறால், நண்டு, நத்தை, உடலெங்கும் முள் உள்ள கடல் முள்ளெலி ஆகியவற்றைத் தின்னுமா என்பது இன்னொரு கேள்வி. பல ட்ரிக்கர் மீன்கள் முதல் கேள்வியில் தேறி, இரண்டாவதில் தோற்றுவிடும். இரண்டிலும் சுமாராகத் தேறுபவை சில உண்டு. அவற்றை அடையாளம் காண நிறமோ விலையோ உதவாது. அந்த மீன் கடலில் எந்த மட்டத்தில் நின்று தின்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான விடை அதன் வாயிலேயே இருக்கிறது.

முள்ளும் பல்லும்

ட்ரிக்கர் மீன்களின் குடும்பமான பாலிஸ்டிடேயில் சுமார் 40 இனங்கள். எல்லாவற்றுக்கும் உடலமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதுகில் முன்துடுப்பில் மூன்று முட்கள். முதல் முள் தடித்தது. அது நிமிர்ந்ததும் இரண்டாவது சிறுமுள் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும்; கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்த மாதிரிதான். அதன்பிறகு முதல் முள்ளை எவ்வளவு அமுக்கினாலும் மடங்காது. இரண்டாவதை அமுக்கினால் முதலாவது தானாகச் சாயும். இரவில் தூங்கவும், பயந்து ஒளியவும் இந்த மீன் பாறை இடுக்கில் புகுந்து முதுகு முள்ளை மேலே நிமிர்த்தி, வயிற்றெலும்பைக் கீழே விறைத்து, இறுகிக்கொள்ளும். பெரிய மீன் வந்து இழுத்தாலும் வெளியே வராது. நீங்கள் இழுத்தாலும் வராது.

தாடைகள் மேலும் கீழும் குட்டையாக, பலமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் வெளிவரிசையில் எட்டுப் பற்கள், மேல்தாடையில் உள்பக்கம் இன்னொரு வரிசை. நண்டின் ஓட்டையும் சிப்பியின் ஓட்டையும் உடைக்கவென்றே அமைந்த வாய். கண் மட்டும் வாயிலிருந்து வெகுதூரம் பின்னால், மேலே ஏறி இருக்கும். முள்ளெலியைத் தின்னும்போது முட்கள் கண்ணில் குத்தாமலிருக்க இந்த அமைப்பு உதவுகிறது. சில இனங்கள் வாயால் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைப் புரட்டிப்போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்திலிருந்து தின்கின்றன. இவ்வளவு யோசிக்கிற மீன் உங்கள் தொட்டியில் சும்மா இருக்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீச்சலும் தனிவகை. வாலை அடித்து நீந்தாமல், பின்முதுகுத் துடுப்பையும் அதற்கு நேர்கீழே உள்ள துடுப்பையும் அலையலையாக ஆட்டியே போகும், வரும், பின்னாலும் நகரும். வால் அவசரத்துக்கு மட்டும்.

மேலே பார்க்கும் வாய், கீழே பார்க்கும் வாய்

பவளப் பாறைச் சரிவில் ட்ரிக்கர் மீன்கள் இரண்டு விதமாகப் பிழைக்கின்றன. சில இனங்கள் பாறைக்கு மேலே, நீரோட்டத்தில் மிதந்து நின்று, தண்ணீரோடு வரும் நுண்ணுயிர்களைப் பொறுக்கித் தின்னும். மற்றவை தரையோடு தரையாகப் போய்ப் பாறையைக் கொத்தி, மணலை ஊதி, ஓடுள்ள உயிர்களைத் தேடும். தொட்டிக்கு வந்தபிறகும் இந்தப் பழக்கம் மாறாது. மிதப்பதைத் தின்னும் மீன் நீங்கள் போடும் தீனிக்காக மேலே பார்த்துக்கொண்டிருக்கும். தரையில் தேடும் மீனுக்கு உங்கள் பவளப் பாறைதான் சந்தை.

கடையில் மீனைப் பக்கவாட்டில் பாருங்கள். கீழ்த்தாடை சற்று முன்னால் துருத்தி, வாய் மேல்நோக்கித் திறந்தால் அது மிதப்பதைத் தின்பது. மூஞ்சி நீண்டு, வாய் அதன் நுனியில் நேராகவோ சற்றுக் கீழ்நோக்கியோ இருந்தால் அது தரையில் கொத்துவது. ஐந்து நிமிடம் நின்று பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். விற்பவர் சொல்லும் பெயர் தவறாக இருந்தாலும் வாய் ஏமாற்றாது.

பவளத் தொட்டிக்கு முதல் தேர்வு என்று நான் சொல்வது 'புளூ த்ரோட்' என்று விற்கும் சாந்திக்திஸ் ஔரோமார்ஜினேட்டஸ். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள மீன். கடலில் 30 செ.மீ. வரை வளரும், தொட்டியில் பெரும்பாலும் 20 செ.மீ. அளவில் நின்றுவிடும். ஆணுக்குத் தொண்டையில் நீலத் திட்டும் துடுப்பு ஓரத்தில் மஞ்சள் கோடும் உண்டு. பெண் இவை இல்லாமல் வெறும் சாம்பல் பழுப்பு. ட்ரிக்கர் குடும்பத்தில் இதைவிடச் சாதுவான மீனைத் தேடுவது கடினம். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து வாழும். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். இதே சாந்திக்திஸ் சாதியில் 'கிராஸ்ஹேட்ச்' என்று ஒன்று உண்டு. பசிபிக்கிலிருந்து வரவேண்டிய மீன், விலையைக் கேட்டால் தொட்டி வைக்கும் ஆசையே போய்விடும். முதல் ட்ரிக்கருக்கு வேண்டாம்.

இரண்டாவது நம் நைஜர், அதாவது நம் கரையில் இறங்கும் கிளாத்தியேதான். மேல்நோக்கிய வாய், மிதப்பதைத் தின்னும் பழக்கம் எல்லாம் சரி. பவளத்தைத் தொடுவது அபூர்வம். ஆனால் அளவு பெரிதாகும். கடலில் 50 செ.மீ. வரை பதிவுண்டு, தொட்டியில் 25 செ.மீ. தாண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் குட்டியை நான்கடித் தொட்டிக்கு வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். பயந்த சுபாவம் வேறு. புதுத் தொட்டியில் முதல் சில நாள் பொந்தில் புகுந்து வால் நுனி மட்டும் தெரிய இருக்கும். செத்துவிட்டதோ என்று கையை விடாதீர்கள்.

மெலிக்திஸ் சாதி மீன்கள் நடுவில் நிற்பவை. 'பிங்க் டெய்ல்' என்று விற்பது இவற்றில் ஒன்று. மிதக்கும் பாசியும் சிற்றுயிரும் தின்னும். பவளத்தை விட்டுவைக்கும் என்றாலும் சிறு இறால்களுக்கு உத்தரவாதம் இல்லை. பெரிய தொட்டியும் முன்னனுபவமும் இருந்தால் பார்க்கலாம்.

இனி ஆசைப்படக் கூடாத பட்டியல். 'பிகாசோ' என்ற ரைனகாந்தஸ், 'க்ளௌன் ட்ரிக்கர்' என்ற பாலிஸ்டாய்டிஸ் கான்ஸ்பிசில்லம், ஆரஞ்சுக் கோடுகள் ஓடும் பாலிஸ்டாபஸ் அண்டுலேட்டஸ். கடைக்குப் போகிற எல்லோரும் மயங்கி விழுவது க்ளௌன் ட்ரிக்கரில்தான்: கறுப்பு உடல், வயிற்றில் பெரிய வெள்ளை வட்டங்கள், மஞ்சள் உதடு. குட்டியாக இருக்கும்போது யாரையும் தொந்தரவு செய்யாது, அதுதான் ஆபத்து. வளர வளரத் தொட்டியில் உள்ள ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அண்டுலேட்டஸ் அந்தக் காத்திருப்பைக்கூடத் தராது. குட்டியிலேயே சண்டைக்காரன், பவள நுனிகளையும் கடித்துத் தின்னும் மீன் அது. இவை மோசமான மீன்கள் என்று சொல்லவரவில்லை. பவளமே இல்லாத, பாறையும் மணலும் மட்டும் உள்ள பெரிய தொட்டியில், ஒற்றை மீனாக, பிகாசோவைப் போல வேடிக்கை காட்டும் மீன் குறைவு. அது வேறு வகைத் தொட்டி, வேறு கட்டுரை.

இவற்றின் குணத்துக்கு ஒரு எல்லையும் காட்டிவிடுகிறேன். இக்குடும்பத்தின் பெரிய இனங்களில் ஒன்றான டைட்டன் ட்ரிக்கர் 75 செ.மீ. வரை வளரும். முட்டை காக்கும் காலத்தில், தன் கூட்டுக்கு மேலே வரும் முக்குளிப்பவர்களைத் துரத்திக் கடிக்கும்.

நல்ல வாய் உள்ள மீனை வாங்கினாலும் இறால் விஷயத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். புளூ த்ரோட்டும் நைஜரும் விரல்நுனி அளவுள்ள இறாலைத் தீனியாகவே பார்க்கும். சுத்தம்செய்யும் இறால் வேண்டுமென்றால் நன்கு வளர்ந்ததை முதலில் விட்டு, அது தொட்டியில் நிலைகொண்ட பிறகு, கடைசி மீனாக ட்ரிக்கரைக் கொண்டுவாருங்கள். பலருக்கு இப்படி ஒத்துப்போகிறது, சிலருக்கு ஒத்துவருவதில்லை. மீன் கூட்டாளிகள் என்றால் வளர்ந்த கோமாளி மீன், சர்ஜன் மீன், பெரிய ராஸ் வகைகள். குட்டிக் கோபிகளையும் மெல்லிய துடுப்பை விரித்துக்கொண்டு மெதுவாக நீந்தும் மீன்களையும் தவிர்த்துவிடுங்கள்.

தொட்டி, தண்ணீர், கல்

புளூ த்ரோட் ஒன்றுக்கு 450 முதல் 500 லிட்டர் கீழ்வரம்பு. நைஜருக்கு ஆறடி நீளத்துக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். 6 × 2 × 2 அடித் தொட்டி சுமார் 680 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 700 கிலோ. கல், கண்ணாடி, மேசை, கீழே கருவிகள் வைக்கும் சம்ப் தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். மாடியில் வைக்க நினைப்பவர்கள் வீடு கட்டிய மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு வைப்பது நல்லது.

தண்ணீரின் அளவுகள் எந்தப் பவளத் தொட்டிக்கும் உள்ளவைதான்: அடர்த்தி 1.024 முதல் 1.026, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், பிஎச் 8.1 முதல் 8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம். மீன் விடுவதற்கு முன் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் தேவை. ட்ரிக்கர் நிறையத் தின்னும், நிறையக் கழியும். ஆகவே கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் வாங்கும்போது தொட்டியின் அளவுக்கு ஒரு படி கூடுதலானதை வாங்குங்கள். இல்லாவிட்டால் மீன் நன்றாக இருக்கும். பவளம் பாசி மூடிப் போகும்.

நம் பக்கத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். கடல் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும்போது உப்புப் பொடி எதற்கு? நியாயமான கேள்வி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் 450 லிட்டருக்கு 16 கிலோ உப்பு வேண்டும். கடல்நீர் இலவசம். ஆனால் எங்கே, எப்போது எடுப்பது என்பதில்தான் சிக்கல். குழித்துறையாறு தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. பொழிமுகத்தில் எடுத்தால் உப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது. துறைமுகத்துக்குள் டீசல். தென்மேற்குப் பருவமழை நாட்களில் கரையோரம் முழுக்கக் கலங்கல். கோடையில், ஆறும் துறைமுகமும் இல்லாத பாறைக் கரையில் எடுத்து, வடிகட்டி, இருட்டில் காற்று ஓடவிட்டு ஓரிரு வாரம் வைத்திருந்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து பயன்படுத்தலாம். எனக்கு அந்த உழைப்பைவிட உப்பு மூட்டை மலிவாகத் தெரிகிறது. ஆவியாகும் அளவுக்கு நிரப்ப ஆர்.ஓ. தண்ணீர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

கரையில் எடுக்கவே கூடாதது ஒன்று உண்டு: பவளக் கல். கல்பவளம், கரும்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செத்த பவளம்தானே என்பது சாக்காகாது. தொட்டிக்குச் செயற்கையாக வார்த்த கற்கள் கிடைக்கின்றன. சில மாதங்களில் பாக்டீரியா ஏறி இயற்கைக் கல்லின் வேலையைச் செய்யும். தொடக்கக்காரர்களுக்கு மென்பவளமும் காளான் பவளமும் போதும். தீனி கூடுதலாக விழும் தொட்டியைத் தாங்குபவையும் இவைதான். எதை வாங்கினாலும் ரசீதும், வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அதற்கான காகிதமும் கேட்டு வாங்குங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கல்லை அடுக்கும்போது மீனின் முழு உடலும் நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று பொந்துகள் விடுங்கள். கல்லை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடிக்கண்ணாடியில் உட்காரவைத்து, மேலே உள்ளவற்றை ஒட்டிவிடுங்கள். ட்ரிக்கர் சிறு கற்களை வாயால் கவ்வி இடம் மாற்றும். ஒட்டாத பவளத் துண்டு காலையில் வேறு மூலையில் தலைகீழாகக் கிடக்கும். அதில் கோபம் ஒன்றும் இல்லை, அதன் பொழுதுபோக்கு அது. ஹீட்டர் வயரையும் காற்றுக் குழாயையும் கடிக்கும் மீன்களும் உண்டு, எனவே அவற்றையெல்லாம் சம்பில் வைத்துவிடுவது பாதுகாப்பு. மேலே வலை மூடியும் போடுங்கள், மிரண்டால் துள்ளும்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம். ஆனி மழையில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தாலே போதும். பம்பு நின்றால் வெப்பத்தில் தண்ணீரின் ஆக்சிஜன் விரைவில் குறையும், பெரிய மீனுக்குத்தான் முதலில் மூச்சுமுட்டும். அலை உண்டாக்கும் மோட்டார் ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் மேசைக்குக் கீழே இருக்கட்டும். கோடைக்கு விசிறி வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். கடற்கரையின் ஈரக்காற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், அதனால் விசிறி அதிகம் குளிர்விக்காது. பவளம் இருக்கும் தொட்டிக்கு, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியின் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தீனி

இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குப் பெருநகரத்துக்காரர்களைவிட வசதி கூடுதல். கணவாய், இறால், சிப்பி எல்லாம் அன்றன்றைக்கு வந்து இறங்குகின்றன. குளச்சல் பக்கத்திலும் விழிஞ்ஞத்திலும் பாறையில் முக்குளித்துப் பறிக்கும் சிப்பியின் சதை ட்ரிக்கருக்கு விருந்து. சந்தையிலிருந்து வாங்கியதை நன்றாகக் கழுவி, பயறளவுக்கு நறுக்கி, சில நாள் உறையவைத்துவிட்டுக் கொடுங்கள். பச்சையாகப் போட்டால் ஒட்டுண்ணிகளும் கூடவே வரலாம். உப்புப் போட்ட கருவாடு, மசாலா தொட்ட துண்டு, வீட்டில் மிஞ்சிய மீன் எதுவும் கூடாது. நெத்தோலி மலிவு என்று அதையே தினமும் போடுவதும் சரியல்ல. அதில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும்.

மிதப்பதைத் தின்னும் இனங்களுக்கு ஒரு பெரிய வேளைச் சாப்பாடு ஒத்துவராது. கடலில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றவை அவை. மைசிஸ் என்ற உறைந்த குட்டி இறாலை அடிப்படையாக வைத்து, ஒருநாள் கணவாய், ஒருநாள் சிப்பி, ஒருநாள் நல்ல தரத்துக் குருணைத் தீனி என்று மாற்றி மாற்றி, தினமும் இரண்டு மூன்று முறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குப் போடுங்கள். கடற்பாசித் தாளும் இடையிடையே கொடுக்கலாம். தீனியை நீரோட்டத்தில் விடுங்கள். மிதந்து வருவதைக் கவ்விப் பிடிப்பதில்தான் அதன் சுறுசுறுப்பு எல்லாம். பசி அடங்கிய நைஜர் இறாலைத் தேடுவது குறைவு. கஞ்சத்தனமாகத் தீனி போட்டுவிட்டு, மீன் நத்தையைக் கடித்தது என்று குறைசொல்வதில் நியாயமில்லை.

கையால் ஊட்டுவது பார்க்க அழகு. சிப்பி ஓட்டை உடைக்கும் வாய் அது என்பதால் நான் இடுக்கியைத்தான் சிபாரிசு செய்வேன்.

வாங்கும்போது

முதலில், படகில் வரும் கிளாத்தியை உயிரோடு வாங்கித் தொட்டியில் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை உப்பி, உள்ளே எல்லாம் நசுங்கியிருக்கும். வலையில் தோலும் உரிந்திருக்கும். வளர்ந்த மீன் தொட்டியைப் பழகுவதும் கடினம். 7 முதல் 10 செ.மீ. அளவில் கடையில் தீனி தின்னும் குட்டியே சரி. ட்ரிக்கர் மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்துக் கொண்டுவரப்படுபவை. சில நாடுகளில் சயனைடு தெளித்துப் பிடிக்கும் வழக்கமும் இருந்துவருகிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் அழகாக இருந்துவிட்டு வீட்டில் சாகும். வந்த அன்றே வாங்காமல், ஒரு வாரம் கடையிலேயே இருக்கவிட்டு வாங்குவது இதற்காகத்தான்.

உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத ட்ரிக்கர் நோயாளி ட்ரிக்கர். வயிறு உள்வாங்கி, முதுகுப் பக்கம் மெலிந்து தெரிந்தால் விட்டுவிடுங்கள். கண் கலங்கியிருந்தாலும், மூச்சு வேகமாக அடித்தாலும், உடலில் உப்புத் தூவியது மாதிரி வெண்புள்ளிகள் இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனும் வேண்டாம். ஓரத்தில் பெயர் ஒட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் வாயை ஒருமுறை பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பவளத் தொட்டிக்குப் போகக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டி. பவளமும் கல்லும் இல்லாமல், ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஃபில்டர், ஒரு மூடி இருந்தால் போதும். வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி மீனின் உடலிலிருந்து உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடுகட்டி, வாரக்கணக்கில் கிடந்துவிட்டு மீண்டும் மீனைத் தேடி வரும். புள்ளி மறைந்தது என்பதால் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. ட்ரிக்கர் மீன்கள் செம்பு மருந்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். ஆனால் அளவுபார்க்கும் கிட் இல்லாமல் செம்பைத் தொடாதீர்கள். தனித் தொட்டிக்கு வெளியே அதற்கு வேலையே இல்லை. பவளத் தொட்டியில் செம்பு விழுந்தால் பவளம், இறால், நத்தை எல்லாம் சாகும், கல்லும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தனித் தொட்டியில் இருக்கும் இந்த வாரங்களில் மீனின் குணமும் தெரிந்துவிடும். ஒரே இனத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனிக்குணம் உண்டு. புளூ த்ரோட் பத்தில் ஒன்று முரடாக வாய்த்தால் அது உங்களிடம் வந்து சேரக்கூடாது என்று சட்டம் இல்லை. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது துளைபோட்ட கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நாள் உள்ளேயே தொங்கவிட்டு, மற்ற மீன்கள் பழகியபின் திறந்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுத் திறப்பது உத்தமம்.

பிடிக்கவேண்டி வந்தால்

வளர்ந்து தொட்டிக்குப் பெரிதாகிவிடலாம், அல்லது ஒருநாள் நத்தையில் தொடங்கிக் கோமாளி மீனின் வாலில் வந்து நிற்கலாம். ட்ரிக்கர் பத்தாண்டுக்கு மேலும் வாழும் மீன். ஆகவே வாங்கும்போதே, வளர்ந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளச்சல் கடலில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் கடலின் இனமே ஆனாலும், தொட்டியில் ஏறிய நோயோடு சேர்த்துத்தான் விடுவீர்கள்.

வலை போட்டுத் துரத்தினால் பொந்தில் புகுந்து முள்ளை நிமிர்த்திக்கொள்ளும். பிறகு கல்லையே எடுக்க வேண்டியதுதான். கல்லோடு வெளியே வந்துவிட்டால் இழுக்காதீர்கள்: கல்லைத் தண்ணீர் உள்ள வாளியில் வைத்து ஓரமாக நின்றால் சற்று நேரத்தில் தானே வெளியேறும். அவசரமென்றால், முதல் முள்ளுக்குப் பின்னாலுள்ள சிறுமுள்ளை மெதுவாக அமுக்கினால் பிடி விடும். அப்போது உறுமுவது மாதிரி ஒரு சத்தம் போடும், பயப்பட வேண்டாம். துரத்துவதைவிடப் பொறிப்பெட்டி நல்லது. அதற்குள் மூன்று நான்கு நாள் சிப்பிச் சதை வைத்துப் பழக்கினால் தானாக உள்ளே போகும், அப்போது கதவை மூடலாம். வலையில் எடுத்தால் முள் சிக்கி வலையைக் கிழிக்க வேண்டி வரும் என்பதால், பெட்டியோடு அல்லது வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு தூக்குங்கள். கடைவரை கொண்டுபோகப் பாலித்தீன் பை வேண்டாம், முள் குத்தி ஒழுகும். மூடியுள்ள வாளியும் பேட்டரிப் பம்பும் போதும்.